சுவரில் போட்ட நம்பர்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேர்கோடு என்றால்தான் தெரியும். பெயின்டர் வேலை. சுவருக்கு வண்ணம் அடிப்பார், கடைக்குப் போர்டு எழுதுவார், லாரிக்கு நம்பர் எழுதுவார். எங்கே எது கோணலாக இருந்தாலும் பொறுக்காது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால், சாய்ந்து தொங்கும் காலண்டரை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். "என் மூக்கு கொஞ்சம் கோணல். அதையும் நிமிர்த்திடுவாரோன்னு பயந்துகிட்டேதான் கழுத்த நீட்டினேன்" என்று மனைவி கேலி செய்வாள்.

மற்றபடி மனிதர் சரியான பயந்தாங்கொள்ளி. தூரத்தில் போலீஸ்காரர் தலை தெரிந்தால் போதும், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார், இருந்தாலும் இறங்குவார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசல் சுவரில்தான் ஒருநாள் இரண்டு ஆட்கள் வந்து, வாயே திறக்காமல், சிவப்பு ஸ்பிரேயால் 42 என்று கிறுக்கிவிட்டுப் போனார்கள். தெரு முழுக்க அப்படித்தான், வீட்டுக்கு ஒரு நம்பர். பெரிய தொழிற்சாலை வரப்போகிறது, அரசாங்கம் வீடுகளை எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு வெகுநாளாக அடிபட்டுக்கொண்டிருந்தது. நம்பர் போட்ட வீடெல்லாம் இடிக்கிற வீடு என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். இவருக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடு. வாசலில் எந்த வண்டி நின்றாலும் இடிக்கத்தான் வந்துவிட்டார்கள் என்று எழுந்து ஓடினார்.

பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டபோது தெருவே திரண்டு போயிற்று. "எனக்கு வயிறு சரியில்ல, நீ போய்ட்டு வா" என்று மனைவியை அனுப்பிவிட்டு, ஆள் நடமாட்டம் அடங்கியதும் இவர் சுரண்டியைக் கையில் எடுத்தார். சிவப்பின் மேல் சும்மா பூசினால் கசிந்து வெளியே தெரியும். அது தொழில் தெரிந்தவருக்குத் தெரியாதா? அடி வரை சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய நிறத்துக்கே கலவை பிடித்து அடித்தார். நம்பர் இல்லாவிட்டால் வீட்டை விட்டுவிடுவார்களாம்! பயம் வந்துவிட்டால் புத்தி புல் மேயத்தான் போகும்.

மனைவி மூச்சிரைக்க வந்தாள்.

"ஏங்க, எல்லா வீடும்தான் போகுதாம். ஆனா நம்பர் இருக்கறவங்களுக்கு மாத்து வீடு தராங்களாம். நாளைக்கு நம்பர் பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுப்பாங்களாம். நம்ம நம்பர்..." என்று திரும்பிச் சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கங்க நம்பர்?"

"அழிச்சிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கிட்டோமே! எடுங்க பிரஷ்ஷ. அவங்க கிறுக்கின மாதிரியே கோணலா எழுதுங்க."

கை வெடவெடவென்று நடுங்கியது. ஆனால் பிரஷ் சுவரில் பட்டதும் அந்தப் பாழாய்ப்போன கையின் நடுக்கம் தானாகவே நின்றுவிட்டது. "கோணலா, கோணலா" என்று மனைவி பல்லைக் கடித்தாள். அவரும் கோணலாகத்தான் இழுத்தார், கை அதை நேராக்கிக்கொண்டது. எழுதி முடித்தபோது 42 கடை போர்டு மாதிரி கண்ணைப் பறித்தது. அழித்து எழுதக் கலவையும் இல்லை, தெம்பும் இல்லை.

மறுநாள் அதிகாரியும் போட்டோ எடுக்கிறவரும் வந்தார்கள். நாற்பத்தொன்று முடிந்தது. அதிகாரி 42-க்கு முன்னால் வந்து நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இத யார் எழுதினது?"

"சார், உங்க ஆளுங்க போட்டதுதான் சார். நான் தெரியாம அழிச்சி..." என்று நேர்கோடு இழுத்தார்.

"பக்கத்துத் தெருவுல காலி வீட்டுக்கெல்லாம் மாத்து வீடு வாங்க இப்படித்தான் பிரஷ்ஷால நம்பர் எழுதி வச்சிருந்தாங்க. நம்பர் போட்ட காண்ட்ராக்ட் ஆளுங்க கணக்கு எதுவும் தரல, நடுநடுவுல நம்பர விட்டுட்டும் போயிருக்காங்க. சுவத்துல இருக்கறதுதான் எங்களுக்குக் கணக்கு. இது போலி."

"ஐயோ சார், இங்கயேதான் குடியிருக்கோம்! பக்கத்து வீட்டு அண்ணனக் கேளுங்க!" என்று மனைவி நாற்பத்துமூன்றுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஒன்றாக நின்று அஸ்திவாரம் தோண்டியவர்கள்.

"நம்பர் போட்டத நீங்க பாத்தீங்களா? பாத்தேன்னு கையெழுத்துப் போடுங்க. விசாரணையில பொய்னு வந்தா உங்க மாத்து வீடும் போயிடும்" என்றார் அதிகாரி.

டிரைவர் நேர்கோட்டைப் பார்த்தார். தன் பிள்ளைகளைப் பார்த்தார்.

"நான் கவனிக்கல சார்."

"அண்ணே!" என்று மனைவி அலறினாள். தெருவில் நின்றவர்கள் அவரவர் நம்பர் பக்கம் நகர்ந்தார்கள். நேர்கோட்டுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த முகத்தில் இருந்த பயத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

டிரைவர் குடும்பம் தங்கள் நம்பர் பக்கத்தில் வந்து நின்றது. போட்டோ எடுக்கிறவர் காமிராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"அண்ணே, நீங்களும் அந்தம்மாவும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழறீங்க."

நேர்கோடு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.