அக்கா வீட்டு மேடு

வெடி மேஸ்திரி என்றால் தரை வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அவரைப்போலத் தரையை மட்டம் பண்ணவும் ஆள் கிடையாது, சத்தம் போடவும் ஆள் கிடையாது. கலவையில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டால் கரண்டி பறக்கும். வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பு கூடிவிட்டால் தட்டு பறக்கும். கட்டினவள் மேல் இதுவரை ஒரு அடிகூட விழுந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். தட்டு அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போய்ச் சுவரில் மோதியதையெல்லாம் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரைக் கேட்டால், தான் தங்கமான மனுஷன் என்பார்.

அக்கா என்றால் அவருக்கு உயிர். அவளுக்கு வாய்த்த மாமா மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா காலத்து வீடு. தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஒரு பக்கம் குழி விழுந்திருக்கும். கட்டில் கால் ஒன்றுக்கு எப்போதும் செங்கல் முட்டு. வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருட்டான நடை. பக்கத்து வீட்டு மரத்தின் வேர் அடியில் புகுந்து, நடையின் நடுவில் தரையை மேடாகத் தூக்கிவிட்டிருந்தது. இந்தச் சனியன் என்றைக்காவது என் பல்லைப் பெயர்த்துவிடும், முதலில் இதை எடுத்து எறி மாப்ளே என்று மாமா சொன்னார். மேஸ்திரி கையில் இருந்த வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அங்கே இறங்கினார்.

அக்கா மட்டும் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மத்ததெல்லாம் உன் இஷ்டம்டா. அந்த மேட்ட மட்டும் விட்டுடு. எனக்குப் பழகிடுச்சு."

வந்ததே கோபம் அவருக்கு. வெடி மேஸ்திரி போட்ட தரையில் நட்டநடுவே மேடு என்றால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா, என் மூஞ்சியில் கரியைப் பூசப் பார்க்கிறாயா என்று கத்தினார். ஏன் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. சொன்னால் தம்பி என்ன செய்வான் என்று தெரிந்ததால் அவளும் வாயைத் திறக்கவில்லை.

கடப்பாரையை மேட்டின் வயிற்றில் இறக்கினார். பழைய சுண்ணாம்புக் காரை வெடித்துச் சில்லுச் சில்லாகத் தெறித்தது. ஒரு சில்லு முழங்காலுக்குக் கீழே கிழித்து ரத்தம் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. அடியில் தொடைப் பருமனுக்கு வேர் கிடந்தது. பங்காளியை வெட்டுகிற மாதிரி கோடாலியால் அதை வெட்டினார். பிறகு ஜல்லி கொட்டி இடித்து, ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துச் சுவரெங்கும் அளவு குறித்து, நூல் கட்டி, கலவை பரப்பி மட்டப்பலகையால் இழுத்தார். தரை இறுகியதும் நடையின் நடுவில் ஒரு இரும்புக் குண்டை வைத்தார். அது அசையாமல் நின்றது. மாமா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அக்கா பார்க்க வரவில்லை.

சுவரோரப் பூச்சு மட்டும் பாக்கி. கருவிப் பையை அங்கேயே விட்டுப் போனவர், அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. புதுத் தரை, வழுக்கிவிட்டது என்றாள்.

அதற்கும் மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் தரையாவது வழுக்குவதாவது என்று ஒரு குடம் தண்ணீரை நடையில் கொட்டி, வெறுங்காலோடு மேலும் கீழும் நடந்து காட்டினார். ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவளோடு மல்லுக்கு நின்றார். அவர் மனைவிதான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது விழுந்த அடி இல்லங்க. விரல் விரலாத் தெரியுது."

அப்புறம் அக்காவால் மறைக்க முடியவில்லை. மாமா நல்லபடியாக வந்தால் பார்த்துக் கால் வைத்து மேட்டைத் தாண்டி வருவார். கோபத்தோடு வந்தால் அந்த இருட்டில் மேடு கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. தடுக்கித் தடாலென்று சுவரில் கை ஊன்றுவார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் சமையலறைக் கதவைத் தாழ் போட்டுவிடுவாள். அவர் கதவை உதைத்து, கத்தி, ஓய்ந்து படுத்துவிடுவார். இத்தனை வருஷமும் அவள் அப்படித்தான் தப்பித்திருந்தாள்.

"இந்தத் தடவ சத்தமே கேக்கலடா. திரும்புறேன், பின்னால நிக்கிறாரு."

 மேஸ்திரிக்கு அழ வேண்டும்போல இருந்தது. அழுது பழக்கமில்லாததால் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா உள்ளே வந்தார். எப்ப வந்தே மாப்ளே என்று கேட்டு முடிப்பதற்குள் தோளில் முதல் அடி விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவரை முழங்காலில் அடித்தார், முதுகில் அடித்தார். கும்பிட்ட கையிலும் அடித்தார். மாமா ஈரத் தரையில் ரத்தக் கோடு இழுத்தபடி ஊர்ந்து வாசலைத் தாண்ட, தெருவில் போனவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது. அக்காவுக்கு ஒரு வழி பண்ணிவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதைச் சொல்லத் திரும்பினார். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

"அக்கா, நான்தான். தொற."

 கையிலிருந்த சுத்தியலாலேயே தட்டினார். இனி அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான், திற என்றார். குரல் தானாக ஏறியது. உள்ளே கனமான எதையோ இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் மனைவி பேசினாள். பலநாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சுப்போல, அது கொஞ்சமும் தடுமாறவில்லை.

"கத்தாதீங்க. சுத்தியல வச்சுட்டு வீட்டுக்குப் போங்க. நான் அக்காகூட இருந்துக்கறேன்."

"ஏய், நான் உன்ன என்னிக்காவது தொட்டிருக்கேனா?"



"இன்னும் இல்ல" என்றாள் அவள். கதவு திறக்கவில்லை.