எமில் கேட்ட வெங்காய சூப்

பிரான்சின் அமியான் நகரத்துச் சலவைக்காரி ஒர்த்தான்ஸுக்கு எமில் ஒரே பிள்ளை. கணவன் நூற்பாலைத் தூசியில் நெஞ்சு கெட்டுச் செத்த பிறகு, ஊரார் படுக்கை விரிப்புகளைத் துவைத்தே அவனை ஆளாக்கினாள். ஜெர்மன் படை ஊரைப் பிடித்திருந்த காலத்தில், பையில் அவர்களுக்கு எதிரான துண்டறிக்கைகள் இருந்ததற்காக அவனைக் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். பதினேழு மாதம் ஒரு தகவலும் இல்லை.

நாற்பத்தைந்தாம் ஆண்டு மே மாதம் ரயிலில் வந்து இறங்கினான். ஒர்த்தான்ஸ் அடையாளம் தெரியாமல் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். "அம்மா" என்ற குரல் கேட்டுத்தான் திரும்பினாள். இருபத்திரண்டு வயதில் முப்பத்தெட்டு கிலோ இருந்தான்.

நிலையத்தில் ஒரு நர்ஸ் அவளைத் தனியே அழைத்துப் போனாள். "காய் வேகவச்ச தண்ணி, கொஞ்சம் பால். அவ்வளவுதான், டாக்டர் உத்தரவு. ரொட்டி, வெண்ணெய், சீஸ் எதையும் காட்டாதீங்க. பட்டினி கெடந்த ஒடம்பு, திடீர்னு தின்னா உயிருக்கே ஆபத்து. கெஞ்சுவான். இளகிடாதீங்க."

நான்கு நாள் தாங்கினாள். ஐந்தாம் நாள் எமில் சொன்னான்: "அங்க பசி தாங்காம அவனவன் அம்மா சமையலப் பேசிட்டிருப்போம். நான் ஒன் வெங்காய சூப்பச் சொல்லுவேன். எவ்ளோ நேரம் வதக்கணும்னு பத்துப் பேருக்கு மனப்பாடம். அதுல ஒருத்தன்கூட வரல."

"டாக்டர் கூடாதுங்கிறாருடா."

"என்னப் பெத்தது டாக்டரா?"

அவன் வருகைக்கென்று அவள் தம்பி கிராமத்திலிருந்து வெண்ணெயும் ஒரு துண்டு சீஸும் கொண்டுவந்திருந்தான். ஒர்த்தான்ஸ் ஆறு வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் கிளறினாள். பழுப்பேறியதும் மாவு தூவி, தண்ணீர் விட்டு, காய்ந்த ரொட்டியை மேலே அடுக்கி, சீஸைத் துருவிப் போட்டு அடுப்புக்குள் தள்ளினாள். எமில் நாற்காலியில் சாய்ந்து மோந்துகொண்டே இருந்தான்.

இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். "கருகின ஓரத்த எனக்கு வைம்மா" என்று சிரித்தான்.

சாயங்காலம் வயிறு பிசைந்தது. மறுநாள் கால் வீங்கி, மூச்சு இரைத்தது. அவள் துணி துவைத்துக் கொடுக்கும் டாக்டர் மொரேல் வந்தார்.

"என்ன குடுத்தீங்க?"

"காய் தண்ணிதான்."

மூன்றாம் நாள் காலையில் எமில் போய்விட்டான். இதயம் நின்றது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வாராவாரம் டாக்டர் வீட்டு அழுக்குத் துணியை எடுக்கப் போவது ஒர்த்தான்ஸ்தான். ஆறு வருஷம் போனாள். ஒரு திங்கட்கிழமை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றாள்.

"தெரியும். கழுவற தொட்டியில கிண்ணம் கெடந்துச்சு. ஓரமெல்லாம் சீஸ்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா எழுந்து வந்திருப்பானா?"

"குடுக்காம இருந்திருந்தா பொழச்சிருப்பானா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொழச்சிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். பொழச்சிருக்க மாட்டான்னு அடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரல."

அவள் தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். துவைத்த துணியை வெள்ளிக்கிழமை வேறொருத்தியிடம் கொடுத்தனுப்பினாள். அதன்பின் அந்த வீட்டுத் துணியை எடுக்கவில்லை. அவர்மேல் கோபமில்லை. எல்லாம் தெரிந்த ஒரு முகத்தை வாராவாரம் பார்க்க அவளால் முடியவில்லை.