நல்லாத் தெரியுதுங்க, எறங்குங்க!

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்த சமயம். ஏற்காட்டில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் குடியிருந்தோம். வீட்டுக்குப் புதிதாகக் கறுப்பு வெள்ளை டிவி வந்திருந்தது. எஸ்டேட்டில் மரம் ஏறிக் கிளை கழிப்பதுதான் அப்பாவின் வேலை. அதனால் ஆன்டெனாவையும் வீட்டுக்குப் பின்னால் நின்ற சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் கட்டிவிட்டார்.

காற்றில் அது திரும்பிக்கொண்டால் படம் போய்விடும். அப்பா ஏறித் திருப்புவார். பெட்டியைப் பார்த்து, தெரிகிறதா இல்லையா என்று சொல்வது நான். எனக்கு அப்போதும் சத்தமாகப் பேச வராது. நான் சொல்வதைப் பின்வாசலில் நின்று அம்மாதான் மேலே கத்துவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலப் படம் தொடங்குகிற நேரம். வானம் கறுத்து, சேர்வராயன் கோயில் பக்கம் இடி உருண்டது. அப்பா மரத்தின் மேல்.

"ஏனுங்க, மின்னுதுங்க! எறங்கி வாங்க."

"படம் வராம எறங்க மாட்டேன். தெரியுதான்னு பையனக் கேளு."

"தெரியல" என்றேன். பெட்டியில் வெறும் புள்ளிகள்.

அம்மா ஒரு நொடி வானத்தைப் பார்த்தார். "நொம்ப நல்லாத் தெரியுதுங்க! பாட்டு ஓடுது, வெரசா எறங்குங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்பா சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். பெட்டியைப் பார்த்தார். "எங்க அம்மிணி பாட்டு? மாவுல்ல சலிக்கறாங்க!" மறுபடி ஏறக் கிளம்பியவரை அம்மா வாசலை மறித்து நின்று தடுத்தார். இருவரும் மல்லுக்கு நிற்கும்போதே வீடு முழுக்க வெள்ளை வெளிச்சம், காதை அடைக்கிற சத்தம். பெட்டியிலிருந்து புகை வந்தது. வெளியே சில்வர் ஓக் உச்சியிலிருந்து அடிவரை பிளந்து நின்றது.

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் சேலத்தில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டை அவிழ்த்ததும் அம்மா குனிந்து, "தெரியுதுங்களா?" என்றார்.

"நொம்ப நல்லாத் தெரியுது. எறங்கட்டுமா?"

நாங்கள் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று நர்ஸுக்கு விளங்கவில்லை.

நான் சொன்ன 'தெரியல'வை அம்மா அன்று அப்படியே மேலே சொல்லியிருந்தால் என்று இப்போதும் சில சமயம் நினைப்பு ஓடும். பக்கத்து அறையில் அப்பா இருமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் மனசு நிம்மதியாகும்.