ரோட்டுக்கு மேலே ஒரு கயிறு

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டோரம் தள்ளுவண்டியில் கொய்யாவும் வெள்ளரிக்காயும் விற்கிறவள் சுமலதா. ஒருபக்கம் ராஜகிரி, எதிர்ப்பக்கம் கிருஷ்ணகிரி. குரங்குகளுக்கு இரண்டு மலையும் வேண்டும். கிருஷ்ணகிரியின் பாறையிடுக்கு அத்திமரங்கள் பழுத்தால் அங்கே போகும். வெயிலில் சுனை வற்றினால் ராஜகிரி அடிவாரக் குளத்துக்கு வந்துவிடும். ரோட்டின் இருபுறமும் நின்ற புளியமரங்கள் மேலே கைகோத்திருந்தன. அதுதான் அவற்றின் வழி. போகிறபோக்கில் இறங்கி ஒரு கொய்யாவைத் தூக்கும். சுமலதா கழியோடு துரத்துவாள்.

புயலில் எதிர்ப்பக்கத்துப் புளியமரம் வேரோடு சாய்ந்தது. அதன்பிறகு குரங்குகள் ரோட்டில் இறங்கித்தான் தாண்டின.

ஒருநாள் மத்தியானம் ஒரு தாய்க்குரங்கு பாய்ந்து ஓடியதில், வயிற்றைப் பிடித்திருந்த குட்டி நழுவி நடுரோட்டில் விழுந்தது. லாரி வந்துகொண்டிருந்தது. சுமலதா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். லாரி கிறீச்சிட்டு நின்றது.

"ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினான். தாய் திரும்பி வந்து குட்டியை அள்ளிக்கொண்டு போனது. தள்ளுவண்டியில் பாதிக் கொய்யாவைக் காணோம். அன்று அவள் கழியை எடுக்கவில்லை.

லாரிகளுக்கு லோடு கட்டும் அவள் புருஷன் இளையபெருமாள் விஷயம் கேட்டுக் கோபப்பட்டான்.

"உனுக்கு எதுனா ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"அது குட்டிய்யா. அப்டியே பாத்துக்கினு நிக்க சொல்றியா?"

இரண்டு நாள் கழித்து, அவன் பழைய லாரிக் கயிறுகளை முறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"கரண்டு ஆபீஸ்ல கேட்டியா?"

"கேட்டுட்டேன். கரண்டு லைன்ல படாம, ஒசரமா கட்ட சொன்னாங்க."

மிஞ்சிய புளியமரத்திலிருந்து எதிரே இருந்த வேப்பமரத்துக்குக் கயிற்றை இழுத்துக் கட்டினான். குரங்குகள் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போயின. பிறகு இளசுகள் தொங்கி விளையாடின. மெல்ல மெல்ல, குட்டி சுமந்த தாய்களும் அதில் போகத் தொடங்கின.

ஒரு கிழட்டுப் பெண்குரங்கால் மட்டும் முடியவில்லை. அதற்கு ஒரு கை விளங்காது. கூட்டம் மேலே போய்விட, அது ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கும். சுமலதா ஒரு பக்க வண்டிகளைக் கைகாட்டி நிறுத்துவாள்.

ஒரு சாயங்காலம் எதிர்த்திசை பஸ்ஸும் நின்றது. பார்த்தால், அதன் முன்னால் இளையபெருமாள் கையை நீட்டி நின்றுகொண்டிருந்தான்.

"போவ சொல்லு, சீக்கிரம்," என்றான்.

"அவளால ஓட முடியாதுய்யா. இரு," என்றாள் சுமலதா.

கிழவி அவசரப்படாமல் ரோட்டைத் தாண்டியது.