எண் குறையும்போது கை வைக்காதீர்கள்

கிண்ணியாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நசீர் நானா ஒரு காலை எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, கல்யாணப் படம் ஒண்டும் திறக்குதில்ல. புள்ள வந்து முன்னால இரிக்கி. கெதியா வாங்க."

நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். மிச்சம் கடையில் பழகியது. புது ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். ஆனாலும் பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போனேன்.

அங்கே இருந்த பிள்ளைதான் மணப்பெண். கல்யாணம் முடிந்த கிழமையே அவளுடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். அவரைக் கடைசியாக எடுத்த படங்கள் இந்த மெஷினில் மட்டுமே இருந்தன. கமராக் கார்டை நானா அழித்து வேறொரு கல்யாணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்.

"இதுக்கு முதல் ஏதும் வித்தியாசமா வந்ததா?" என்று கேட்டேன்.

"காலையில போட்டா கறுப்புத் திரையில இங்கிலீஷ் எழுத்து வரும். உடனே ஒரு கீய அமத்திடுவன். பிறகு ஒழுங்கா வேலை செய்யும்."

"ஏன் அமத்துறீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எட்டு, ஏழு, ஆறு எண்டு கீழ எண்ணுது தங்கச்சி. பூச்சியத்துக்கு வந்தா என்ன நடக்கும்? சண்டைக் காலத்தில குண்டுகளோட நாங்க பட்ட பாட்டுக்கு, கீழ எண்ணுற சாமானப் பாத்துக்கொண்டு இரிக்க ஏலுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்தச் சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

நடந்தது இதுதான். நானா இடி மின்னலுக்குப் பயந்து, ஷட்டவுன் பண்ணாமலே பிளக்கில் ஓஃப் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போவார். அப்படி நின்ற மெஷினை அடுத்த முறை போடும்போது, டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று அது தானே செக் பண்ணப் பார்க்கும். வேண்டாம் என்றால் ஒரு கீயை அமத்தலாம். அதற்குத் தரும் நேரத்தைத்தான் அந்த எண் காட்டுகிறது. நானா ஒவ்வொரு நாளும் செக்கை நிற்பாட்ட, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின.

பழுதான டிஸ்க் சத்தம் போடும்; இது போடவில்லை. என்றாலும் முதலில் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குக் கொப்பி எடுத்தேன். நானா மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்த பிறகுதான் அது முடிந்தது. பிறகு ரீஸ்டார்ட் பண்ணினேன்.

எண் இறங்கத் தொடங்கியதும் அவருடைய கை கீபோர்ட்டுக்கு வந்தது. நான் கீபோர்ட் வயரை இழுத்துக் கழற்றிவிட்டேன்.

"கை பழகிட்டு," என்றார்.

"நானா, நீங்க கையக் கட்டிக்கொண்டு நில்லுங்க," என்றாள் அந்தப் பிள்ளை.

பூச்சியம் வந்தது. செக் தொடங்கியது. பாதி வழியில் நூற்றுவீதக் கணக்கு அசையாமல் நின்றது.

"நிண்டிட்டுது. ஓஃப் பண்ணுவமா?"

"வேண்டாம் நானா. டிஸ்க் லைட் மினுங்குது பாருங்க. அது வேலை செய்யுது."

நானும் அந்த லைட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பின்னேரம் ஃபோல்டர் திறந்தது. கனக்கப் படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகக் கிடந்தது. மேடையில் வாப்பா நின்ற படங்கள் ஒன்றும் தப்பவில்லை. கடைசியில் ஒன்று முழுதாக வந்தது: சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர், நடுவில் அவர், கையில் சோறு, பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"இது நான் கூடாத படமெண்டு விட்டது," என்றார் நசீர் நானா. "அல்பத்துக்கு எடுத்திருக்க மாட்டன்."

அவள் திரைக்குக் கிட்ட வந்தாள். "சாப்பிடக்குள்ள படம் எடுத்தா வாப்பா ஏசுவார்," என்றாள். "இதப் பெரிசாக்கித் தாங்க."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஷட்டவுன் பண்ணுங்கள், செக் முடியும்வரை விடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பது சுலபம். அதற்கு முதல், திரையில் வந்ததை மெஷின் வைத்திருப்பவர்கள் என்னவென்று நினைத்தார்கள் என்று கேளுங்கள். பயம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் சொல்லும் விளக்கம், நாங்கள் வாசலைத் தாண்ட முதலே மறந்துபோகும்.