முட்டையைத் தின்ற குருவி

மீஞ்சூரில் வேலை செய்த மாமா ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸைக் கூண்டோடு கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் குருவி என்றுதான் சொல்வோம். அப்போது அம்மா மாசமாக இருந்தாள்.

ஒரு நாள் பெட்டை முட்டையிட்டது. ஓடு தோல் மாதிரி கொழகொழவென்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முட்டையைக் கொத்தித் தின்றுவிட்டது.

அத்தையிடம் சொன்னேன். அத்தை தெருவுக்கே சொன்னாள். நைனா கடலிலிருந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சி இருக்குற வூட்ல, பெத்ததையே துன்ற சனியன வச்சிருக்கலாமாண்ணா? தொறந்து வுட்ரு."

நைனா கூண்டைக் கழற்றினார். திறந்துவிட்டால் காக்கை விடாது. நான் கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மா எழுந்து வந்தாள். கூண்டு மாட்டியிருந்த சுவரைக் காட்டினாள். குருவிக்கு எட்டிய வரை வெள்ளை இல்லை, வெறும் சிமெண்டு.

"இன்னானு பாருய்யா. சுண்ணாம்புக்கு ஏங்குது. அதான் ஓட்டோட துன்னுது. நீ கடலுக்குப் போனதும் நானுந்தான் செவுத்த சொரண்டித் துன்றேன். என்னையும் தொறந்து வுட்றுவியா?"

"அய்ய, இன்னா பேச்சு இது!" என்று அத்தை சிரித்துவிட்டாள். நைனா சிரிக்கவில்லை. கூண்டைத் திரும்ப மாட்டினார்.

மாமாவுக்குப் போன் போட்டார். கடையில் கணவா மீனின் ஓடு விற்கிறது, அத்தனையும் சுண்ணாம்பு, வாங்கிக் கூண்டில் கட்டுங்கள் என்றார் மாமா.

"ஏன் மச்சான், எங்க கரையில கெடக்குறத நான் மீஞ்சூர் வந்து வாங்கணுமா?"

கரையில் ஒன்று பொறுக்கி வந்தார். உப்புப் போகக் குடிதண்ணீரில் ஊறப்போட்டார். தினமும் தண்ணீரை மாற்றினார். குடிதண்ணீரில் எங்களை முகம் கழுவக்கூட விடமாட்டார். காய்ந்ததும் கூண்டுக்குள் கட்டினார்.

பெட்டை அதன்மேல் விழுந்து விழுந்து கொத்தியது. மூக்கெல்லாம் மாவு. நைனா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

மறுநாள் கடலுக்குப் போகவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அம்மாவைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"நைனா, குருவிய வுட்டுட்டுப் போறியே!"

அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நைனா நிற்கவில்லை. சீக்கு குருவிக்கு, அம்மாவை எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார் என்று கோபமாக இருந்தது எனக்கு.