பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு கச்சேரி

செய்தி வந்தபோது காலை மணி பத்தே கால். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இரவு வேலையை முடித்து வந்து, குளித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு அவள் அப்போதுதான் படுத்திருந்தாள். கண் சொக்கி, உடம்பு மெத்தைக்கு ஒரு விரற்கடை மேலே மிதப்பதுபோல் இருக்கும் நேரம். கைபேசி அதிர்ந்தது. பேசியவர் கணவரின் சூப்பர்வைசர்.

"அம்மா, கொஞ்சம் எழுந்து உக்காருங்க" என்றார்.

அவள் உட்காரவில்லை. படுத்தபடியே கேட்டாள். உச்சி மாடிக்கு மேலே, லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், "செத்த சாஞ்சுக்கறேன்" என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லையாம்.

அவள் "சரிங்க" என்றாள். கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பகலில் தூங்குகிறவர்களுக்குக் கனவுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள கதவில் தாழ்ப்பாள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி வந்து தட்டிய பிறகுதான் அது கனவில்லை என்பது உறைத்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வரும் பிழைப்பு. பக்கவாட்டில் அவர் போன ஒரே இடம் கிட்டார் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். முதல் கிட்டார், கலைந்துபோன ஒரு கல்யாண பேண்டிடமிருந்து கழுத்து விரிசலோடு வந்தது. அதை ஒட்டி, தேய்த்து, கரும்பச்சை பூசிச் சுவரில் மாட்டினார். ஆசை அறுபது நாள் என்று அவள் விட்டுவிட்டாள். அந்த அறுபது நாள் முடியவே இல்லை. நீலம், செர்ரி சிவப்பு, வெண்ணெய் நிறம், இரட்டைக் கழுத்துள்ள ஒரு பூதம் என்று உள்ளறைச் சுவர் நிறைந்தது. ஒவ்வொரு கொக்கிக்கும் மெத்தென்ற கம்பளித் துணி சுற்றியிருந்தார். பெற்ற பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களுக்கு இத்தனை பாந்தமாகத் தொட்டில் கட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். அதற்கென்று சட்டம் இருந்தது. உள்ளே வருகிறவர்கள் மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பெல்ட் கொக்கி கிட்டாரின் முதுகைக் கீறிவிடுமாம். நாற்காலி முதுகில் பெல்ட்டுகள் வரிசையாகத் தொங்கும். வங்கிக் காசாளர் ஒருவர், இடுப்பு சிறுத்தவர், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடியே நிற்பார்.

"ஒரு கையில மானம், ஒரு கையில கிட்டார்னா நான் எதைய்யா புடிக்கிறது?"

"மெதுவா பேசு, அவ தூங்குறா. ரெண்டையும் விட்டுடு. காதை மட்டும் இப்படிக் கொண்டா."

மின்சார கிட்டார் வெறும் கட்டை. ஸ்பீக்கர் பெட்டியோடு இணைக்காவிட்டால் அதன் குரல் கொசுவின் முணுமுணுப்புதான். பெட்டி இல்லாமல் இல்லை. கட்டிலுக்கடியில் போர்வை போர்த்திக் கிடந்தது. அவர் அதை எடுக்கவே மாட்டார். விருந்தாளியை உட்காரவைத்து, கிட்டாரின் கொம்புபோல் வளைந்த முனையில் தாடையெலும்பை ஒட்டிவைக்கச் சொல்லி, ஒரே ஒரு கம்பியைச் சுண்டுவார். ஒருவர் தலைக்குள் மட்டும் கோபுரம்போல் எழும் சத்தம், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. கேட்டவர் முகம் மாறுவதைப் பார்த்து மற்றவர்கள் தம் முறைக்குக் காத்திருப்பார்கள். அதற்கு ஊமைக் கச்சேரி என்று பேர் வைத்ததும் அவர்கள்தான்.

அடுத்த அறையில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் அந்தக் கச்சேரியைப் பார்த்ததில்லை. ஆனால் ஆண்பிள்ளைகளின் கிசுகிசுப்பு சுவர் வழியே கசிந்து, அவள் கனவுக்குள் தண்ணீராக ஓடும். சலவைப் பிரிவின் வெள்ளைப் போர்வைகள் அந்த ஆற்றில் ஒவ்வொன்றாக விரிந்து மிதக்கும். யாரோ அவற்றின்மேல் வெறுங்காலோடு நடந்துபோவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு நாத்தனார் மட்டும் துணைக்குத் தங்கினாள். ஒரு மத்தியானம், உள்ளறை வாசலில் நின்றுகொண்டு, பெருமையாகத்தான் அதைச் சொன்னாள்.

"உங்க தூக்கம் கெட்டுடும்னே எங்கண்ணன் ஒரு நாள்கூட இதைச் சத்தமா வாசிச்சதில்ல அண்ணி. இப்படி ஒரு மனுஷன் எந்த வீட்ல கெடைப்பாரு?"

அவளுக்கு அது தைத்துவிட்டது. சலவை இயந்திரங்களின் இரைச்சலில் கால்வாசி வாழ்க்கையைக் கழித்தவள் அவள். இடி விழுந்தாலும் புரண்டு படுப்பாள். அதை அவரிடம் சொல்லியதே இல்லை. ஒரு வீடே தனக்காக நுனிக்காலில் நடப்பது இதமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஆசைதீர வாசித்திருப்பாரோ? தன் தூக்கம்தான் அவர் பாட்டை அமுக்கிவிட்டதோ? அன்றிலிருந்து படுத்தால் கனவு வரவில்லை. ஆறு வற்றிப்போய், போர்வைகள் மணலில் கிடந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வந்தார். கிட்டார்களுக்கெல்லாம் நிறம் கலந்து கொடுத்த பழைய கூட்டாளி. பழக்க தோஷத்தில் வாசலிலேயே பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள். காபியை வைத்த கையோடு கேட்டுவிட்டாள். "ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. என்னாலதான் அவர் சத்தமா வாசிக்காம இருந்தாரா?"

பெயிண்டர் காபியை ஊதினார். நாத்தனாரைப் பார்த்தார். "செத்தவனப் பத்தி இப்படிச் சொல்லக்கூடாது."

"பரவால்ல, சொல்லுங்க."

"அவனுக்கு வாசிக்க வராது தங்கச்சி."

"என்னண்ணே இது!" என்று நாத்தனார் பாய்ந்தாள்.

"இரும்மா. ஒரு நாள் என் ஷெட்டுக்கு அந்த நீலக் கிட்டாரையும் பெட்டியையும் தூக்கிட்டு வந்தான். வீடா என்ன, கவலையில்லாம முழுச் சத்தத்துல வெச்சான். வாசிச்சான். எங்க ஷெட்டு நாய் இருக்கே, அடுப்பு எரிஞ்சாலும் எழுந்திருக்காது. அது எழுந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துட்டு, ரோட்டைத் தாண்டிப் போயிடுச்சு. நானாவது சிரிப்பை அடக்கினேன். அவன் கீழ உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சான்."

"அப்புறம்?"

"ஒயரைப் பிடுங்கிட்டு, கட்டையில தாடையை வெச்சு ஒரு கம்பியைத் தட்டினான். 'இது போதும்டா எனக்கு. கச்சேரி பண்ணச் சொல்லி எவனாவது கேட்டா, வீட்ல தூங்குறாங்கன்னு சொல்லிக்கலாம்'னான். உன் தூக்கம்தான் தங்கச்சி கடைசிவரைக்கும் அவன் மானத்தக் காப்பாத்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அழுகையோடு மோதி, இரண்டுமாக வெளியே வந்தது. நாத்தனார் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வளையலைக் கழட்டு" என்றாள் அவள்.

"எதுக்கு அண்ணி?"

"கழட்டுடி. கீறிடும்."

மூவருமாக உள்ளறைக்குப் போனார்கள். ஒவ்வொன்றின் கதையையும் பெயிண்டர் தமக்குத் தெரிந்தபடி சொன்னார். "அண்ணன் எங்கிட்ட வேற மாதிரில்ல சொன்னாரு" என்று நாத்தனார் ஒவ்வொன்றையும் மறுத்தாள். அண்ணிக்காரி நீலக் கிட்டாரை மடியில் வைத்துத் தாடையை ஒட்டினாள். கணவர் கை பட்ட இடம் மழமழவென்றிருந்தது. பெயிண்டர் தடித்த கம்பியைச் சுண்டினார். கனவில் கேட்ட தண்ணீர் மாதிரியே இல்லை அது. லிஃப்ட் கிளம்பும் கணத்தில் உள்ளங்காலில் ஏறுமே ஓர் அதிர்வு, அது பல்லுக்குள், நெற்றிக்குள், கண்ணுக்குப் பின்னால் ஏறி, தரை மெல்ல விலகி, அவளைத் தூக்கிக்கொண்டு போனது. அடங்க நெடுநேரம் ஆயிற்று. மற்ற இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

சுவரிலிருந்த எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஜன்னலோர மேசைக்கு வந்தாள். அங்கே வெண்ணெய் நிறக் கிட்டார் துணிமேல் மல்லாந்து கிடந்தது. கடைசியாக வேலைக்குப் போகுமுன் கணவர் பழைய கம்பிகளை எடுத்துவிட்டு, நான்கு புதுக் கம்பிகளை முறுக்கேற்றியிருந்தார். ஐந்தாவது, முறுக்காணியில் இரண்டு சுற்று சுற்றியபடி தொளதொளவென்று நின்றது. ஆறாவது இன்னும் உறைக்குள் சுருளாக இருந்தது.